தனியார் மருத்துவமனையின் நிரந்தரப் பணியா, நலவாழ்வுச் சங்கத்தின் 11 மாத ஒப்பந்தமா?

காவிரிக்கரை (செப்டம்பர் 2025)

அனைவருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்த நான், 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையின்போது திருச்சியிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, இன்றுவரை அதன் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி வருகிறேன். ஓராண்டுத் தகுதிகாண் பருவம் முடிந்ததும் பணி நிரந்தரம் செய்யப்பட்டு, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டும் பிடித்தம் செய்யப்படுகின்றன. மொத்த ஊதியம் 20,400 ரூபாய். அதில் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000. கைக்கு வருவது ஏறத்தாழ 18,700. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 4,500 போய்விடுகிறது.

இப்போது எங்கள் சொந்த ஊரான கரூரில், அரசு சுகாதாரத் திட்டங்களுக்கு ஒப்பந்த முறையில் ஆள் எடுக்கும் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் மூலம் நகர்ப்புற நலவாழ்வு மையம் ஒன்றில் செவிலியர் பணிக்குத் தேர்வாகியிருக்கிறேன். தொகுப்பூதியம், அதாவது படிகள் ஏதுமின்றி மாதம் ஒரே தொகை, 18,000 ரூபாய். ஒப்பந்தம் 11 மாதங்களுக்கு. பணி திருப்தியாக இருந்தால் நீட்டிக்கப்படும் என்கிறார்கள். அதே அறிவிக்கையில், இப்பணி முற்றிலும் தற்காலிகமானது, எக்காலத்திலும் பணி நிரந்தரம் செய்யப்பட மாட்டாது என்றும், அதற்குச் சம்மதித்து ஒப்புதல் கடிதம் எழுதித் தர வேண்டும் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். பதினைந்து நாள்களுக்குள் சேர வேண்டும்.

வீட்டில் அம்மா சர்க்கரை நோயாளி, இ.எஸ்.ஐ. மருந்தகத்தில்தான் மாத்திரை வாங்கி வருகிறோம். அப்பாவைப் பொறுத்தவரை இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. 'அரசாங்கத்தில் காலை வைத்துவிட்டால் பிறகு தானாக நிரந்தரமாகிவிடும்' என்கிறார். வரன் பார்க்கும் இடங்களிலும் 'அரசு செவிலியர்' என்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார். என்னுடன் பணிபுரிபவர்களோ, கையிலிருக்கும் நிரந்தர வேலையை விட்டுவிட்டு 11 மாத வேலைக்குப் போவது அறியாமை என்கிறார்கள். இரு தரப்பும் உறுதியாகப் பேசுவதால் எனக்குத்தான் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. இவ்வகைப் பணியில் இருப்பவர்களும் விவரம் அறிந்தவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நகர்நலச்செவிலி

சகோதரி, வேறொரு மாவட்டத்தில் இதே பணியில்தான் இருக்கிறேன். 2023 ஜூனில் இம்மையங்களில் 500 ஒரே நாளில் திறக்கப்பட்டபோது சேர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு முன் நானும் தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்தவள்தான்.

மையம் காலை 8 முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் இயங்கும். ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர் என்று நான்கு பேர்தான். காலையில் கதவைத் திறக்கும்போதே இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்கும் முதியவர்கள் அட்டையோடு காத்திருப்பார்கள். அழுத்தம் பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, பதிவேட்டிலும் எழுதி, செயலியிலும் ஏற்றி, ஒரு மாத மாத்திரையை எண்ணிக் கொடுப்பதற்குள் பத்து மணி ஆகிவிடும். கர்ப்பிணிகள் பதிவு, காயத்துக்குக் கட்டு, தடுப்பூசி நாளன்று குழந்தைகளின் கூட்டம் ஆகியவை தனி. வேலை கடினம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்து வேலை, நோயாளி வேலைக்குச் சமமாக இருக்கும். மாதக் கடைசியில் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும்.

இரவுப் பணி இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அனுபவித்த பிறகுதான் உணர முடியும். நண்பகலில் கிடைக்கும் நான்கு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்து சமைத்து, கொஞ்சம் படிக்கவும் முடிகிறது. மையம் வீட்டிலிருந்து தொலைவில் இருந்தால் மட்டும் அந்த இடைவெளியே தொல்லையாகிவிடும். ஒரே நாளில் நான்கு முறை பேருந்து ஏற வேண்டியிருக்கும். ஆகவே எந்த மையம் என்று தெரிந்துகொண்டு, அங்கிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள்.

ஒப்பந்தப் பணிகளில் ஊதியம் சில மாதங்கள் தாமதமாக வருவதும் உண்டு. இரண்டு, மூன்று மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

பழைய கண்காணிப்பாளர்

தனியார் மருத்துவமனைகளில் நீண்டகாலம் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊதியத்தையும் நிரந்தரத்தையும் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். எனக்குக் கவலை வேறு.

நான்கு ஆண்டுகளுக்கு மேலாக நீங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்திருக்கிறீர்கள். செயற்கைச் சுவாசக் கருவியில் எச்சரிக்கை ஒலி எழுந்தால், அது குழாயில் சளி அடைத்ததாலா, நோயாளி கடித்துக்கொண்டதாலா, இணைப்பு கழன்றதாலா என்று கருவியைப் பார்ப்பதற்கு முன் நோயாளியின் நெஞ்சைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் உங்களுக்கு வந்திருக்கும். அந்தப் பழக்கம் புத்தகத்தில் வராது. கை விட்டால் தங்கவும் செய்யாது. நலவாழ்வு மையத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களை நான் நேர்முகத் தேர்வு செய்திருக்கிறேன். திறமைசாலிகள்தாம். ஆனாலும் அவர்களைப் புதியவர்களோடு சேர்த்து மறுபடி பயிற்சியில் வைக்க வேண்டியிருந்தது. ஊதியமும் அதற்கேற்பத்தான் நிர்ணயிக்கப்பட்டது.

வெளிநாட்டு எண்ணம் சிறிதேனும் உண்டா என்பதை நீங்கள் எழுதவில்லை. வளைகுடா நாட்டு மருத்துவமனைகள் ஆள் எடுக்கும்போது, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, எந்தப் பிரிவு, கடைசியாக எப்போது அங்கே பணியாற்றினீர்கள் என்பவற்றைத்தான் கேட்கின்றன. புறநோயாளி மைய அனுபவத்தை அவை அதே தராசில் வைப்பதில்லை. அந்த எண்ணம் இருந்தால் இந்த ஒப்பந்தம் உங்களுக்கு இழப்பு. இல்லையென்றால் நான் சொன்னதில் பாதி பொருந்தாது.

வரவுசெலவு

தொகையைப் பிரித்துப் பார்த்தேன். திருச்சியில் கைக்கு வரும் 18,700 ரூபாயில் விடுதிச் செலவு போக மிஞ்சுவது 14,200. கரூரில் பிடித்தம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் 18,000 முழுமையாக வீட்டுக்கு வரும். ஆக, மாதம் 3,800 ரூபாய் கூடுதல்.

ஆனால் உங்கள் பி.எஃப். கணக்கில் நிர்வாகம் தன் பங்காக 13,000-இல் 12 விழுக்காடு, அதாவது 1,560 ரூபாய் செலுத்துகிறது. பணியை விட்டு விலகும்போது நிர்வாகம் தரும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஓராண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில், 13,000-ஐ 26-ஆல் வகுத்துப் பதினைந்தால் பெருக்கினால் 7,500; மாதத்துக்கு 625. இவ்விரண்டையும் கழித்தால் 3,800 என்பது 1,615 ஆகச் சுருங்குகிறது. உங்கள் பங்காகப் பிடிக்கப்படும் 1,560 ரூபாயும் சேமிப்புதானே என்று அதையும் கழிப்பவர்களுக்கு மிஞ்சுவது 55 ரூபாய். ஆகவே பணத்துக்காக மாறுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. பணத்துக்காக மாறக்கூடாது என்றும் சொல்ல முடியாது.

இ.எஸ்.ஐ.யை இழப்பதுதான் இதில் பெரிய இழப்பு. அம்மாவின் மாத்திரைகளை மையத்திலேயே 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெறலாம். அறுவை சிகிச்சை போன்று ஏதேனும் வந்தால்தான் சிக்கல். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். உங்கள் தொகுப்பூதியம் மட்டுமே ஆண்டுக்கு 2,16,000 ஆகிவிடும். அரசு மருத்துவமனை அல்லது நீங்களே எடுக்கும் தனியார் காப்பீடு என்ற இரண்டில் ஒன்றுதான் வழி. சர்க்கரை நோயுள்ளவருக்குத் தனியார் காப்பீடு எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பணிக்கொடையைப் பற்றி ஒன்று: 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டு தொடர்ச்சியான பணியைக் கேட்கிறது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள்கள் பணியாற்றியிருந்தாலே அது முழு ஆண்டுதான் என்று 1998-இல் சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் நிறுவன வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அதன்படி உங்களுக்கு வரும் ஜனவரியில் தகுதி வந்துவிடும். தொகை 37,500 ரூபாய். இப்போதே விலகினால் அது இல்லை. இரண்டு மாத ஊதியம் என்பது சிறு தொகை அன்று. இருந்தாலும் அதற்காக மட்டும் ஒரு முடிவை மாற்றுவதா என்றால், நான் மாற்ற மாட்டேன்.

பணிநிரந்தரம்

தோழர், உங்கள் அப்பாவின் வாதத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் பலர் வீட்டை விட்டு இறங்குவது அந்த நம்பிக்கையில்தான்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவத் துறையில் 'ஒப்பந்தச் செவிலியர்' என்று ஒரே பெயரில் அழைக்கப்படுபவர்கள் ஒரே வகையினர் அல்லர். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. நடத்தும் போட்டித் தேர்வை எழுதி, தரவரிசைப்படி தொகுப்பூதியத்தில் நியமிக்கப்படுபவர்கள் ஒரு வகை. 2015-இல் 7,700 ரூபாயில் சேர்ந்து, பின்னர் 14,000, 18,000 என்று உயர்த்தப்பட்டவர்கள் இவர்கள். காலியிடம் உருவாக உருவாக, வரிசைப்படி காலமுறை ஊதியத்துக்கு, அதாவது நிரந்தரப் பணியாளருக்கான ஊதிய விகிதத்துக்கு, இவர்கள் மாற்றப்படுகிறார்கள். அந்த வரிசையே எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதற்கு அவர்கள் ஆண்டுக்காண்டு நடத்தும் போராட்டங்களே சாட்சி. மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் மூலம் சேர்பவர்கள் அந்த வரிசையிலேயே இல்லை. உங்கள் நியமன ஆணையில் ஊதியத் தொகை அவர்களுடையதைப் போலவே 18,000 என்று இருப்பதால் இரண்டும் ஒன்று என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

கொரோனா காலத்தில் 14,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்ததையும், அதன்பின் மாற்றுப் பணியாக அவர்களுக்கு அரசு காட்டியது இதே மாவட்ட நலவாழ்வுச் சங்கப் பணிகளைத்தான் என்பதையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். பெருந்தொற்றின் உச்சத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கே கதவு அந்த அளவுக்குத்தான் திறந்தது.

நீதிமன்றத்தை நம்பலாமா என்றால், 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முறையான தேர்வு வழியாக வராத தற்காலிகப் பணியாளர் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று சொன்னதே இன்றும் அடிப்படை. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் பத்தாண்டுகளுக்கும் மேல் உழைத்தவர்களைப் பணி நிரந்தரம் செய்ய அதே நீதிமன்றம் ஆணையிட்டு, உமாதேவி தீர்ப்பைச் சுரண்டலுக்குக் கேடயமாக்கக் கூடாது என்று கண்டித்தது உண்மை. அது நீண்டகாலம் உழைத்து, நீக்கப்பட்டு, வழக்காடி வென்றவர்களுக்குக் கிடைத்தது. அதை நம்பி இன்று ஒருவர் வேலையை விடுவது சரியாகாது.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் ஊதியம் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வருகிறது? நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் பதினைந்தாவது நிதிக் குழுவின் சுகாதார மானியத்தில் தொடங்கப்பட்டவை. அந்த மானியம் 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கானது. நீங்கள் அக்டோபரில் சேர்ந்தால் உங்கள் 11 மாதம் அடுத்த ஆகஸ்டு வரை போகும். மானியக் காலமோ மார்ச் 31-உடன் முடிகிறது. மையங்களை மூடிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. மக்கள் பழகிவிட்ட ஒரு மையத்தை எந்த அரசும் எளிதில் மூடாது. ஆனால் செவிலியரைப் புதுப்பிப்பதும் மையத்தைத் திறந்து வைத்திருப்பதும் வெவ்வேறு கோப்புகள்.

இவ்வளவும் சொன்னதால் போகாதீர்கள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். தனியார் மருத்துவமனையின் 'நிரந்தரம்' என்பதும் ஒரு மாத முன்னறிவிப்போடு முடியக்கூடியதுதானே! நிரந்தரம் என்ற சொல்லை இரு பக்கமும் நீக்கிவிட்டு மீதியை ஒப்பிடுங்கள் என்கிறேன்.

நகர்நலச்செவிலி

பணிநிரந்தரம் அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்ட அன்றே அந்த ஆசையை நான் விட்டுவிட்டேன். எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது என்பதே நான் இங்கே தொடர்வதற்குக் காரணம். படிக்காமல் நண்பகலில் தூங்குபவர்களும் இருக்கிறார்கள்; அவர்களுக்கு இந்தப் பணியால் பெரிய பயன் இல்லை.

மற்றொன்று, வரன் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். மகப்பேறு விடுப்பைப் பற்றி இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 26 வார ஊதியத்துடனான விடுப்பு ஒப்பந்தப் பணியாளருக்கும் உண்டு என்பதையும், விடுப்பின் நடுவே ஒப்பந்தம் முடிந்தாலும் பயன் தொடர வேண்டும் என்பதையும் 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. இருந்தும், கேட்டுப் பெற வேண்டிய நிலைதான் பல இடங்களில்.

காவிரிக்கரை

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள் விடுப்பில் கரூருக்குச் சென்று விசாரித்துவிட்டு வந்தேன்.

எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் மையம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கிடையாது என்று அலுவலகத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மார்ச்சுக்குப் பிறகு நிதி எப்படி என்ற கேள்விக்கு 'இதுவரை யாரையும் நிறுத்தியதில்லை' என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. சேரும் தேதியை ஜனவரிக்குத் தள்ளிவைக்கவும் வழியில்லை. அடுத்த இடத்தில் இருப்பவருக்குப் போய்விடும்.

திருச்சி மருத்துவமனையின் மனிதவளப் பிரிவிலும் பேசினேன். அங்கே எதிர்பாராத ஒன்று தெரிந்தது. வரும் ஏப்ரலில் ஊதிய உயர்வு வழங்கப்பட்டால் என் மொத்த ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டிவிடும், அதன்பின் இ.எஸ்.ஐ. எனக்குப் பொருந்தாது. அதாவது, எதை இழந்துவிடுவேன் என்று பயந்தேனோ அது அங்கேயே இருந்தாலும் போகத்தான் போகிறது.

கண்காணிப்பாளர் அம்மா, வெளிநாடு செல்லும் எண்ணம் எனக்கு இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவை விடுவதில் வருத்தம் உண்டு என்பதை மறைக்கவில்லை. நீங்கள் எழுதிய எச்சரிக்கை ஒலி வரியை எங்கள் இரவுப் பணிக் குழுவில் எல்லோரும் படித்தோம்.

ஆகவே சேர்வதென்று முடிவு செய்திருக்கிறேன். எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படிப்பதற்காகவும் அம்மாவுக்காகவும் போகிறேன், இது தானாக நிரந்தரமாகாது என்று அப்பாவிடம் சொல்லி, அறிவிக்கையின் அந்த வரியையும் வாசித்துக் காட்டினேன். வரன் வீட்டாரிடம் இனி 'ஒப்பந்தச் செவிலியர்' என்றே சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். அதற்கு மட்டும் அவர் இன்னும் உடன்படவில்லை.

விலகும்போது கவனிக்க வேண்டியவை எவை என்று யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும். சேரும்போது என் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வரவுசெலவு

விலகியவுடன் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி அன்றே நின்றுவிடுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குப் பங்களிப்பு சென்றிருந்தால், அதற்கான பயன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. இந்த மாதக் கடைசி வரை பணியில் இருந்துவிட்டு விலகினால், மருந்தகத்தில் இதைச் சொல்லி உறுதி செய்துகொண்டு, அம்மாவுக்குச் செய்ய வேண்டிய பரிசோதனைகளை ஜூனுக்குள் முடித்துவிடுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம், நாளை எம்.ஆர்.பி. கிடைக்காமல் தனியாருக்கே திரும்பினாலும் வேலை மாறினாலும் மாறாத அதே பி.எஃப். எண்ணில் (யு.ஏ.என்.) தொடரலாம், ஓய்வூதியத்துக்கான பத்தாண்டுக் கணக்கில் இந்த நான்கு ஆண்டுகளும் சேரும். விலகல் தேதியை நிர்வாகம் இணையத்தில் பதிந்துவிட்டதா என்று மட்டும் ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

பழைய கண்காணிப்பாளர்

நல்ல முடிவுதான் மகளே. காரணம் தெளிவாக இருக்கிறது.

விலகல் கடிதத்தை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். அசல் சான்றிதழ்களைக் கடைசி நாளன்று தருகிறோம் என்பார்கள். அந்தக் கடிதத்திலேயே எந்தெந்தச் சான்றிதழ்கள் அவர்களிடம் உள்ளன என்று வரிசையாக எழுதி, திரும்பக் கேட்டிருப்பதாகக் குறிப்பிடுங்கள். பிறகு யாரும் 'எங்களிடம் இல்லை' என்று சொல்ல முடியாது. முன்னறிவிப்புக் காலத்துக்குக் குறைவாக இருப்பதால் அதற்கான ஊதியத்தைக் கழிப்பார்கள்; அதை எழுத்தில் கேளுங்கள், வாய்மொழியாகப் பணம் கட்ட வேண்டாம்.

அனுபவச் சான்றிதழில் 'செவிலியராகப் பணியாற்றினார்' என்று ஒரே வரியில் எழுதித் தருவது வழக்கம். அதை ஏற்க வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவு என்பதும், அப்பிரிவின் படுக்கை எண்ணிக்கையும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதும், செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ள நோயாளிகளைக் கவனித்தீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். உங்களை அறிந்த கண்காணிப்பாளர் இன்னும் அங்கே இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அவர் மாறிவிட்டால் அடுத்து வருபவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து அந்த ஒரே வரியைத்தான் எழுதுவார்.